பெரிய திரையில் கிரேன்காரர்

1997 ஜூன் 2 — முதல் நாள் கூலி 62
2004 நவம்பர் 14 — கடைசி மாதச் சம்பளம் 3,940
2004 நவம்பர் 23 — அறுவை சிகிச்சை 41,500
2005 ஏப்ரல் 18 — மறுபடி சேர்ந்தபோது சம்பளம் 3,650
2022 செப்டம்பர் 10 — ஒன்றுமில்லை
2023 செப்டம்பர் 9 — 25,000
2023 செப்டம்பர் 14 — அதே 25,000, திருப்பிக் கட்டியது

இந்தத் தேதிகளும் தொகைகளும் ஒரு கிரேன்காரருடையவை. இரும்புக் குழாய் வார்க்கும் ஆலையில் அவர் வேலை பார்த்தார். கூரைக்குச் சற்றுக் கீழே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடும் கிரேன். அதன் அடிவயிற்றில் தொங்கும் தகரக் கூண்டு. அந்தக் கூண்டுக்குள் அவர். உருகிய இரும்பு நிறைந்த வாளியை உலையின் வாயிலிருந்து தூக்கி, நூல் பிடித்ததுபோல நகர்த்தி, அச்சின் தலைமாட்டில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. ஒரு சொட்டுச் சிந்தினாலும் கீழே நிற்பவன் கால் போய்விடும். அவர் காலத்தில் யார் காலும் போகவில்லை.

கீழே நிற்பவர்களுக்குக் கொக்கி தெரியும், சங்கிலி தெரியும், கூண்டின் அடித்தகடு தெரியும். ஆள் தெரியாது. காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவார். இறங்கும்போது மற்றவர்கள் பாதி சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், அவரைக் குழாயடியில் பார்த்து, வெளியாள் என்று நினைத்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டுவிட்டான். அந்தக் கதையை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்தபிறகு ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார்:

"எல்லாரும் கொக்கியத்தான் பாக்குறாங்க. என் மூஞ்சிய யாரு பாத்தா?"

அவருடைய மனைவி அதே ஆலையின் பணியாளர் பிரிவில் இருந்தாள். ஆலையில் அவளுக்குக் கட்டம் அக்கா என்று பெயர். சேர்ந்த புதிதில் தட்டச்சு. பிறகு கணினி வந்ததும் அறுநூற்றுச் சொச்சம் பேருடைய விவரமும் அவள் கைக்கு வந்தது. ஆளுக்கு ஒரு வரி. வரிக்கு இத்தனை கட்டங்கள்: எண், பெயர், தொழில், சேர்ந்த தேதி, பணி முறிவு நாட்கள், விலகிய தேதி, முடித்த ஆண்டுகள். கடைசிக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதத் தேவையில்லை. மற்றவற்றைக் கூட்டிக் கழித்துத் தானே நிரம்பிக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒரு நாள், செப்டம்பரில், ஆலையின் ஆண்டு விழா. இருபத்தைந்து ஆண்டு முடித்தவர்கள் முகம் பெரிய திரையில் வரும். கீழே பெயர், தொழில், சேர்ந்த தேதி. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லுவார்கள். ஆள் மேடையேறி ஓர் உறையை வாங்கிக்கொண்டு, தன் முகத்துக்குக் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு இறங்குவார். அவ்வளவுதான் விழா. ஆனால் அதற்காக ஒரு மாதம் முன்பே தலைக்குச் சாயம் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

முன்பெல்லாம் அந்தப் படங்களைக் கையால் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். செய்தவர் மேலாளருக்கு வேண்டிய ஒரு குமாஸ்தா. ஒரு வருடம், கூடம் பெருக்கும் அம்மா ஒருத்தி புதுத்துணி உடுத்திக்கொண்டு, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் படமும் போய், விளக்கும் போட்டாகிவிட்டது. அவள் பெயர் வரவில்லை. குமாஸ்தா விட்டுவிட்டார், கேட்டால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலிகளை எல்லாம் மடக்கி அடுக்கியபிறகு, வந்த புதுத்துணியோடேயே அந்த அம்மா கூடத்தைப் பெருக்கிவிட்டுப் போனாள். கட்டம் அக்கா அதைக் கண்ணால் பார்த்தவள்.

அந்த வருடமே அவள் உட்கார்ந்து ஒரு வழி செய்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பித் தப்பி, அழித்து அழித்து, மூன்று மாதம் ஆயிற்று. காலியான ஒரே ஒரு ஸ்லைடு, அதுதான் டெம்ப்ளேட். முகத்துக்கு ஒரு சதுரம், கீழே மூன்று கோடு, அதற்கும் கீழே அவளே யோசித்து எழுதிய ஒரு வரி: 'உங்கள் பணி தொடரட்டும்.' பொத்தானை அழுத்தினால் கணினி அந்த விவர ஷீட்டில் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முடித்த ஆண்டு இருபத்தைந்தா? விலகிய தேதி காலியாக இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் டெம்ப்ளேட்டை நகலெடுத்து, பெயரைப் பெயரிடத்திலும் முகத்தை முகத்திடத்திலும் வைத்து, அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நாற்பது படம் தயார். ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டிய தாளையும் அதுவே அடித்துத் தரும். உறையோடு போகும் கடிதத்தையும் அதுவே அடிக்கும்.

முதல் வருடம் ஒரு கூத்து நடந்தது. யாரோ பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கி, மற்றக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒத்திகையின்போது மேலாளரின் பெயர் வந்தது, கீழே 'சமையற்கூடம், பாத்திரம் துலக்குதல்' என்று. மேலாளர் நல்ல மனிதர். வீட்டில் அதுதான் நடக்கிறது என்றார். அன்றைக்கே கட்டம் அக்கா ஷீட்டுக்குப் பூட்டுப் போட்டாள். அதன்பிறகு அதில் யாரும் கைவைக்க முடியாது. மாதம் ஒருமுறை சம்பளப் பிரிவிலிருந்து வரும் தாளைப் பார்த்துச் சேர்ந்தவர், விலகியவர் தேதிகளை அவள் மட்டும் ஏற்றுவாள். தாளில் இல்லாத எதையும் ஏற்றமாட்டாள். யூனியன்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், அதிகாரிகள் முறைத்திருக்கிறார்கள். "வரியில இருந்தா திரையில வரும். வரியில இல்லாத எதையும் நான் வர வைக்க முடியாது" என்பாள். அவளுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று ஒரு படமும் வந்ததில்லை என்பதை ஆலையே ஒப்புக்கொள்ளும்.

2022 ஜூன் இரண்டாம் தேதி கிரேன்காரர் வேலை முடிந்து வரும்போது கால் கிலோ இனிப்பு வாங்கி வந்தார். இருபத்தைந்து வருஷம் முடிஞ்சது என்றார். மகள் கைதட்டினாள். மனைவி இனிப்பை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே அவளுக்குத் தெரியும். அவருடைய வரியில் முடித்த ஆண்டு இருபத்து நான்கு என்றுதான் இருந்தது. பணி முறிவுக் கட்டத்தில் 154 என்று இருந்தது.

அந்த நூற்று ஐம்பத்து நான்கு நாளும் அவளுக்காகப் போனவை. மகள் பிறந்து ஆறு மாதத்தில் அவளுக்கு முதுகெலும்பில் அறுவை நடந்தது. திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டும். கைக்குழந்தைக்கும் ஆள் வேண்டும். இரண்டு பக்கமும் சொந்தம் என்று வந்து நிற்க யாரும் இல்லை. அவர் நீண்ட விடுப்புக் கேட்டார். கொடுக்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஐந்து மாதம் அவளைக் குளிப்பாட்டினார், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினார், கொல்லையில் துணி துவைத்தார். அவள் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தபிறகு, போய்க் கேட்டார். குறைந்த சம்பளத்துக்கு மறுபடி ஏணி ஏறினார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. கேலிக்கு மட்டும், "என்னோட அஞ்சு மாசம் உன் முதுகுலதான் இருக்கு, பத்திரமா வெச்சுக்க" என்பார்.

சாப்பிட்டு முடித்தபிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். செப்டம்பர் பத்தாம் தேதி விழா. அன்றைக்குக் கணக்குப்படி இன்னும் ஐம்பத்து நான்கு நாள் குறைகிறது. அதனால் இந்த வருடம் வராது, அடுத்த வருடம்தான் என்றாள். அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கட்டம்தானம்மா?" என்றார்.

"ஒரு கட்டம்தாங்க."

"அதுல நூத்தி அம்பத்தி நாலு இருக்கு."

"ஆமா."

"நீ அதை அழிச்சா யாருக்கு என்ன குறையும்?"

அவள் அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அன்னைக்குப் புதுத்துணியோட பெருக்கிட்டுப் போன அம்மா மாதிரி இன்னொருத்தர் போயிடக் கூடாதுன்னுதானே அதைப் பூட்டி வெச்சேன். சாவி என் கையில இருக்குன்னு என் வீட்டுக்காரருக்கு மட்டும் திறந்தா, நாளைக்கு யார் மூஞ்சியில முழிப்பேன்?" என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குப் பின்னாளில் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீ சொல்றதும் சரிதான் என்று எழுந்து கை கழுவப் போனார்.

ஆனால் அவள் விட்டுவிடவில்லை. வழி இருந்தது. நோய், பிரசவம் போன்ற காரணத்தால் ஏற்பட்ட பணி முறிவை மன்னித்து, பணி தொடர்ச்சியாக நடந்ததாகக் கொள்ளலாம் என்று விதி உண்டு. அதைச் செய்ய வேண்டியது தலைமை அலுவலகம். அது வேறு ஊரில் இருந்தது. மருத்துவமனைத் தாள்கள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் தன் கையாலேயே விண்ணப்பம் எழுதினார். அவர் எழுத்து, தராசு பிடித்ததுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக இறங்கும். மூன்று தாள் கிழிந்தது. நான்காவது தாள் ஜூலை நான்காம் தேதி தபாலில் போயிற்று.

"அங்கேருந்து ஒரு கடுதாசி வரட்டும், அந்தக் கணமே கட்டத்தை மாத்திடறேன். விழாவுக்கு அரை மணி நேரம் இருந்தாலும் போதும், பொத்தானை அழுத்தினா உங்க மூஞ்சி வந்துடும்" என்றாள்.

அது அவருக்குப் போதுமாக இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போட்டோ கடைக்குப் போனார். ஆலை அடையாள அட்டையில் இருந்த படம் புகை படிந்த விளக்குக் கண்ணாடிபோல இருக்கும். நீலச் சட்டை ஒன்று புதிதாக வாங்கி, கடைக்காரன் சிரிக்கச் சொன்னதற்குச் சிரித்து, படம் வந்தது. மனைவி அதை அவருடைய எண்ணிட்டு, படங்கள் இருக்கும் இடத்தில் வைத்தாள். சதுரத்தில் உட்கார வைக்கும்போது டெம்ப்ளேட் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்டிவிடும். அவர் உச்சந்தலையில் ஒரு விரற்கடை போகும். அதைச் சொன்னதற்கு, அங்கே முடியே இல்லை, வெட்டிக்கிட்டுப் போகட்டும் என்றார். எப்படி வருகிறது என்று வந்து பாருங்கள், கணினியில் காட்டுகிறேன் என்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை.

"சினிமாவ டிக்கெட் கிழிக்கிற எடத்துல நின்னா பாப்பாங்க? பெரிய திரையில பாத்துக்கறேன், விடு."

ஜூலை போயிற்று. தபால்காரர் ஆலைக்குப் பதினொரு மணிக்கு வருவார். சாப்பாட்டு மணிக்கு இறங்கியதும் கிரேன்காரர் அலுவலக ஜன்னல் பக்கமாக நடந்து போவார். வாய் திறந்து கேட்கமாட்டார். அவள் உள்ளிருந்து தலையை அசைப்பாள். அவர் சாப்பிடப் போவார். ஆகஸ்டும் அப்படியே போயிற்று. அவள் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினாள், தொலைபேசியில் கேட்டாள். குழு கூட வேண்டும் என்றார்கள். கூடியதா என்று கேட்டால், கூடும் என்றார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, எல்லாரும் போனபிறகு, அவள் ஷீட்டைத் திறந்து அந்தக் கட்டத்தின்மேல் போய் நின்றாள். விசையில் ஒரு தட்டு, மூன்று இலக்கம். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், இவர் செய்ததற்கு இது கூடவா இல்லை என்றுதான் சொல்லுவார்கள். அவளுக்கு முதுகு வலித்தது. ஷீட்டை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். முப்பத்தெட்டு படம் வந்தது. அவர் படம் அதில் இல்லை.

விழாவன்று கூடத்தின் பின்பக்கம், படங்களை ஓட்டும் மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கிரேன்காரர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நொடி. பிறகு தானே அடுத்தது வரும். அந்த முப்பத்தெட்டு பேருக்கும் அவர் கைதட்டினார். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் அதில் நான்கு பேர். அவர்களுக்கும் தட்டினார். திரும்பும்போது ஸ்கூட்டரில், சிக்னலில் நிற்கும்போது, திரும்பாமலே, "படமெல்லாம் நல்லா வந்துச்சும்மா. ஒருத்தருக்கும் பேரு மாறல" என்றார். அவள் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் மூன்றாம் தேதி அவருடைய கடைசிக் கட்டத்தில் இருபத்து நான்கு தானாகவே இருபத்தைந்து ஆயிற்று. அன்றிரவு சொன்னாள். சரி, அடுத்த செப்டம்பர் என்றார். சட்டையை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார். அதுவரைக்கும் தொப்பை போடாமல் இருக்க வேண்டுமே என்று மகளிடம் கவலைப்பட்டார்.

2023 பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை காலை. மகள் குளியலறையில் இருந்தாள். அவர் தன் முறைக்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் வந்துவிட்டாள். மனைவி அடுப்படியிலிருந்து, போங்க, தண்ணி ஆறுது என்றாள். பதில் இல்லை. ஆறின தண்ணில குளிச்சிட்டு அப்புறம் இருமுவீங்க என்றாள். அதற்கும் பதில் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, அவர் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

சாவு வீட்டுக்குப் படம் வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். நீலச் சட்டைப் படம் ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அதைத்தான் பெரிதாக்கி வைத்தார்கள். உச்சந்தலை வெட்டுப்படாமல் முழுதாக இருந்தது.

மார்ச் முதல் வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். மேசைமேல் சம்பளப் பிரிவின் தாள் இருந்தது. பிப்ரவரியில் விலகியவர்கள் மூன்று பேர்: ஒரு காவலாளி, ஒரு பற்றவைப்பவர், அப்புறம் அவர். முதல் இரண்டு தேதியை ஏற்றினாள். மூன்றாவது வரிக்குப் போனாள். விலகிய தேதி என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது. அவர் வீட்டிலிருந்து போய்விட்டார், கட்டிலிலிருந்து போய்விட்டார், கூண்டில் இப்போது வேறு ஆள். இந்த ஒரு வரியில் மட்டும் அவர் இன்னும் வேலையில் இருந்தார். நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று மூடினாள்.

அந்த நாளை ஏப்ரலிலும் வரவில்லை, மே மாதத்திலும் வரவில்லை. சம்பளம் வேறு பிரிவில் போடுகிறார்கள். அவள் ஷீட் விழாவுக்கும் புள்ளிவிவரத்துக்கும்தான். அந்த வெள்ளைக் கட்டத்தால் ஒரு காசு நகரவில்லை. யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கத் தேவையில்லாதபடிதான் அவள் எல்லாவற்றையும் அமைத்திருந்தாள். ஆகஸ்டில் தொடர்ந்து மூன்று நாள் அந்தக் கட்டம்வரை போய்த் திரும்பினாள். தேதியை ஏற்றினால் விதி அவரைத் தள்ளிவிடும். வேலையில் இருப்பவர்களுக்குத்தான் படம். ஏற்றாவிட்டால் வருவார்.

செப்டம்பர் எட்டாம் தேதி பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தொரு படம். பதினேழாவது படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்; உச்சந்தலையில் ஒரு விரற்கடை இல்லை. கீழே, 'உங்கள் பணி தொடரட்டும்.' அந்த வாழ்த்தை மட்டும் எடுத்துவிடலாம். ஒரு தட்டு போதும். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு தட்டுத் தட்ட மறுத்த விரல்தான் அது. இப்போதும் அது தட்டவில்லை.

ஒலிபெருக்கியில் வாசித்தவள் ஆலைக்குப் புதிது. கணினி அடித்துத் தந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக, உற்சாகமாக வாசித்துக்கொண்டு வந்தாள். பதினாறாவது ஆள் இறங்கினார். திரை மாறியது. கிரேன்காரருடைய பெயரைச் சொல்லி, இருபத்தைந்து ஆண்டுகள், மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம் என்றாள்.

கூடத்தில் கைதட்டல் பாதியில் நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லை. அந்தப் பெண், ஆள் பின்னால் இருக்கிறார்போல என்று நினைத்து, பெயரை இன்னொரு முறை சொன்னாள். முதல் வரிசையில் மேலாளர் திரும்பிப் பின்பக்க மேசையைப் பார்த்தார். பன்னிரண்டு நொடி முடிந்தால் அடுத்த முகம் வந்துவிடும். கட்டம் அக்கா நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். படம் அப்படியே நின்றது. அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது அதுதான்.

உலைப் பக்கத்து வரிசையிலிருந்து மேஸ்திரி எழுந்தார். பத்தொன்பது வருடம் கீழே நின்று கையை ஆட்டி ஆட்டிக் கிரேனுக்குச் சைகை கொடுத்தவர் அவர்தான். தூக்கு, நகர்த்து, இறக்கு, நில் என்று எல்லாமே கையால். அவர் எழுந்ததும் உலைக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு கூடமே எழுந்தது. மேஸ்திரி மேடையேறி உறையை வாங்கினார். திரும்பி, திரையைத் தலை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ ஆயிரம் முறை மேலே பார்த்த கழுத்து அது. பழக்கத்தில் வலது கை தானாக உயர்ந்தது. உள்ளங்கையைத் தரைப்பக்கமாக வைத்து, மெதுவாகக் கீழே தாழ்த்தினார். வேலை முடிந்தது, இறங்கி வா என்று மாலை மணிக்குக் கொடுக்கும் சைகை.

கட்டம் அக்கா பொத்தானை விட்டாள். பதினெட்டாவது முகம் வந்தது.

விழா முடிந்து, மேஸ்திரி உறையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"நல்லா இருந்துச்சு தங்கச்சி. அவன் மூஞ்சிய இம்புட்டுப் பெருசா இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அவள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இதைப் போன வருஷமே செஞ்சிருக்கலாமே" என்றார் மேஸ்திரி.

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. மனதில் வந்ததைச் சொன்னார்; சொன்னபிறகுதான் அவருக்கே அது என்ன வார்த்தை என்று தெரிந்தது. நான் ஒரு கூறுகெட்டவன், மனசுல வெச்சுக்காத என்று தடுமாறினார். "இல்லண்ணே, நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். சுருட்டிய வயரை மறுபடி அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். மறதியாக ஏற்றாமல் விட்டது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அவள் இரண்டு வரிதான் எழுதினாள். விலகிய தேதியைத் தெரிந்தே ஏற்றவில்லை என்று முதல் வரி. இனி இந்த ஷீட்டை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன் என்று இரண்டாவது. மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தரும் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை என்றார். "எனக்குத் தெரியும் சார். அதான் முடியல" என்றாள்.

பதினான்காம் தேதி உறையில் இருந்த இருபத்தைந்தாயிரத்தைப் பிரிக்காமல் காசாளரிடம் கட்டி ரசீது வாங்கினாள். பிறகு தன் மேசைக்கு வந்து, பூட்டைத் திறந்து, அவர் வரிக்குப் போய், 2023 பிப்ரவரி 21 என்று அடித்தாள். அடித்ததும் வரி முழுவதும் சாம்பல் நிறமாயிற்று. விலகியவர்கள் வரி அப்படி மாற வேண்டும் என்று அவளே வைத்த ஏற்பாடு அது. சாவிச் சொல்லை ஒரு தாளில் எழுதி, பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அதன்பிறகு அவள் தபால் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். வருகிற தபாலைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, அந்தந்த மேசைக்கு அனுப்புவது வேலை. பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். சாப்பாட்டு மணி அடிக்கும்போது அவள் ஜன்னலைப் பார்ப்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை வந்த தபால் கட்டுக்குள் தலைமை அலுவலகத்தின் பழுப்பு உறை ஒன்று இருந்தது. அவர் பெயருக்கு வந்திருந்தது; பணியாளர் பிரிவின் பார்வைக்கு என்று போட்டிருந்தது. பிரித்தாள். அச்சடித்த கடிதம். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து அகலத்துக்கு இடைவெளி அதிகமாக இருந்தது. டெம்ப்ளேட்டில் பெயர் போய் உட்காரும்போது அப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 'தங்கள் விண்ணப்பம் குழுவால் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் மனைவியின் நோய் காரணமாக ஏற்பட்ட 154 நாள் பணி முறிவு மன்னிக்கப்படுகிறது. தங்கள் பணி 1997 ஜூன் 2 முதல் தொடர்ச்சியானதாகக் கொள்ளப்படும். வரும் ஆண்டு விழாவில் தாங்கள் கௌரவிக்கப்படுவீர்கள். தங்கள் பணி தொடர வாழ்த்துக்கள்.'

கடிதம் வந்த கணமே மாற்றிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். எழுந்து பழைய மேசைக்குப் போனாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்தாள். சாம்பல் நிற வரியில், பணி முறிவு என்ற கட்டத்தில் 154-ஐ அழித்துச் சுழியம் போட்டாள். முடித்த ஆண்டுகள் கட்டம் இருபத்தைந்து என்றுதான் இருந்தது. படம் ஒன்றும் வரவில்லை.

தன் இடத்துக்குத் திரும்பி வந்து, கடிதத்தின் மேல் மூலையில் முத்திரையைக் குத்தினாள். வந்து சேர்ந்த நாள்: 2023 அக்டோபர் 19.